பிளக்-இன் போன வழி: நேரலை விளையாட்டும் உலாவிக்குள் குடியேறிய பூட்டும்

2008 நவம்பரில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் (எம்எல்பி) அமைப்பு ஒரு முடிவை அறிவித்தது. அடுத்த சீசனிலிருந்து தன் இணைய நேரலைக்கு மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் பிளக்-இன் வேண்டாம், அடோபியின் ஃபிளாஷ் போதும் என்பது முடிவு. அதற்காக அடோபியுடன் இரண்டாண்டு ஒப்பந்தமும் போட்டாயிற்று. சில்வர்லைட்டை ஏற்று முழுதாக ஒரு சீசன்தான் கடந்திருந்தது. ஏறத்தாழ அதே நாட்களில் நெட்ஃபிளிக்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. கணினியில் படம் பார்க்கும் தன் சேவைக்குச் சில்வர்லைட்டைத் தேர்ந்தெடுத்து, 2013 வரை பெரும்பாலும் அதையே வைத்துக்கொண்டிருந்தது. மென்பொருள் ஒன்று, காலமும் ஒன்று. ஒருவர் ஓராண்டில் உதறியதை இன்னொருவர் ஐந்தாண்டு சுமந்திருக்கிறார்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சில்வர்லைட்டின் தரத்தில் இல்லை, நேரலை விளையாட்டின் இயல்பில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. பிளக்-இன்கள் எனப்படும், உலாவியில் தனியாக நிறுவ வேண்டிய தனியுரிமைச் செருகுநிரல்கள் இணையத்தை விட்டுப் போன கதை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது: ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷைக் கொன்றார் என்பது ஒன்று, திறந்த தரநிலைகள் வென்றன என்பது மற்றொன்று. விளையாட்டு ஒளிபரப்பின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டுமே பாதி உண்மையாகத்தான் தெரிகின்றன. ஒளிபரப்பாளர்கள் பிளக்-இன்னைக் கைவிட்டார்கள். அது செய்துகொடுத்த காவல் வேலையை மட்டும் ஒருநாளும் கைவிடவில்லை.

தொடக்கத்தில் பிளக்-இன் இல்லாமல் வழியே இருக்கவில்லை. தொண்ணூறுகளின் உலாவிக்கு எழுத்தும் படமும்தான் தெரியும். ஒலியும் காணொளியும் வெளியார் வேலை. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் இரண்டாம் பதிப்பில், வெளியார் எழுதிய மென்பொருளைப் பக்கத்துக்குள்ளேயே இயக்குவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. என்பிஏபிஐ என்று பெயர்பெற்ற அந்த வாசல் இருபது ஆண்டுகள் திறந்தே கிடந்தது. விளையாட்டு அதற்கும் முன்பே இணையத்துக்கு வந்துவிட்டது. 1995 செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரினர்ஸும் நியூயார்க் யாங்கீஸும் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தின் வானொலி வர்ணனையை, அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்த ரியல்ஆடியோ மென்பொருளின் வழியே இணையத்தில் கேட்க முடிந்தது. இணையத்தில் நேரலையாகப் போன முதல் விளையாட்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாக அது குறிக்கப்படுகிறது. படம் சேர்ந்து வர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. 2002 ஆகஸ்ட் 26 அன்று டெக்ஸஸ் ரேஞ்சர்ஸுக்கும் யாங்கீஸுக்கும் நடந்த ஆட்டத்தை எம்எல்பி தன் தளத்தில் காட்டியபோது சுமார் 30,000 பேர் பார்த்தார்கள்.

உலகின் முதல் பெரிய விளையாட்டு நேரலை வணிகம் கால்பந்திலிருந்தோ கிரிக்கெட்டிலிருந்தோ வராமல் பேஸ்பாலிலிருந்து வந்ததற்குக் காரணம் அதன் அட்டவணை. 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டங்கள். ஒரு வழக்கமான சீசனில் மொத்தம் 2,430 ஆட்டங்கள். எந்தத் தொலைக்காட்சியாலும் அத்தனையையும் எல்லா ஊர்களுக்கும் காட்ட முடியாது. பாஸ்டனில் வளர்ந்து அரிசோனாவில் குடியேறிய ரசிகருக்குத் தன் அணியைப் பார்க்க வழியில்லை. காசு கொடுக்க மட்டும் ஆயத்தமாக இருந்தார். அவரைப் போன்றவர்களை நம்பித்தான் அணி உரிமையாளர்கள் 2000இல் எம்எல்பி அட்வான்ஸ்டு மீடியா என்ற பொது நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் பேம்டெக் என்று பிரிந்த அதன் தொழில்நுட்பப் பிரிவைத்தான் டிஸ்னி பெரும்பணம் கொடுத்து வாங்கித் தன் ஸ்ட்ரீமிங் சேவைகளுக்கு அடித்தளமாக்கிக்கொண்டது. அது வேறு கதை.

சில்வர்லைட்டின் முதல் பதிப்பு 2007 செப்டம்பரில் வந்தது. அப்போது உலாவிக் காணொளி என்றாலே ஃபிளாஷ்தான்; இணையத்தில் இணைந்த கணினிகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் ஃபிளாஷ் இருப்பதாக அடோபி சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டையை உடைக்க மைக்ரோசாஃப்டுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. நல்ல மென்பொருள் என்று விளம்பரம் செய்தால் யாரும் நிறுவமாட்டார்கள். ஒலிம்பிக்ஸ் பார்க்க வேண்டுமென்றால் நிறுவுவார்கள். 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸின்போது அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி தன் தளத்தில் சுமார் 2,200 மணிநேர நேரலையைச் சில்வர்லைட்டின் இரண்டாம் பதிப்பின் வழியே தந்தது. அந்தப் பதிப்பு அப்போது முன்னோட்ட நிலையில்தான் இருந்தது. முழு வெளியீடு ஒலிம்பிக்ஸ் முடிந்து அக்டோபரில்தான் வந்தது. உலகமே பார்க்கும் திருவிழாவை முடியாத மென்பொருளின்மேல் ஏற்றிவைக்கும் துணிச்சல் இன்று யாருக்கும் வராது. இன்டெல் சில்லுக்கு முந்தைய மேக் கணினி வைத்திருந்தவர்களுக்கு அதில் இடமே இல்லை. லினக்ஸ் பயனர்களுக்காக நொவெல் ஆதரவில் மூன்லைட் என்ற மாற்று எழுதப்பட்டது. ஆனால் அனுமதியில்லாமல் பார்ப்பதையும் பதிவு செய்வதையும் தடுக்கும் மைக்ரோசாஃப்டின் உரிமைப் பூட்டைத் திறக்கும் சாவி அதற்குக் கிடைக்கவில்லை. பூட்டில்லாத காணொளிகளை மட்டும் காட்டிக்கொண்டிருந்துவிட்டு 2012 வாக்கில் அது நின்றுபோனது.

பேஸ்பாலுக்கும் நெட்ஃபிளிக்ஸுக்கும் உள்ள வேறுபாடு இப்படிப் புதிதாக ஒன்றை நிறுவச் சொல்லும் இடத்தில்தான். படம் பார்க்க வந்தவர் எட்டரை மணிக்குப் பார்க்காவிட்டால் ஒன்பது மணிக்குப் பார்ப்பார். பிளக்-இன்னை இறக்கி, நிறுவி, உலாவியை மூடித் திறந்து, பூட்டு சரியாக வேலை செய்யவில்லையென்றால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, மறுநாள் பார்த்தாலும் படத்துக்குக் குறைவில்லை. ஒருமுறை நிறுவிவிட்டால் அடுத்த ஐந்தாண்டுக்குச் சிக்கல் இல்லை. ஆட்டம் அப்படிக் காத்திருக்காது. முதல் பந்து வீசப்படும் ஐந்து நிமிடத்துக்குள் பல்லாயிரம் பேர் ஒரே கதவில் வந்து முட்டுகிறார்கள். அவர்களிடம் புதிய மென்பொருளை நிறுவிவிட்டு வரச் சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பி, கடைக்குப் போய் இலை வாங்கிவா என்பதைப் போன்றது. அவர் திரும்பி வரும்போது பந்தி முடிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பேஸ்பால் ஆட்டங்களில் கணிசமானவை பகலில் நடப்பவை. பார்ப்பவர் அலுவலகத்தில் இருக்கிறார். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அவருக்கு அனுமதி இல்லை. ஃபிளாஷ் மட்டும் அங்கே ஏற்கனவே இருந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளைக் காட்டிய சிபிஎஸ் தளத்தில், மேலாளர் வரும்போது அழுத்தினால் திரையில் போலிக் கணக்கு அட்டவணை தோன்றும் ஒரு பொத்தானே வைத்திருந்தார்கள். பார்வையாளர் எங்கிருந்து பார்க்கிறார் என்பது ஒளிபரப்பாளருக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆக 2008இல் எம்எல்பி எடுத்த முடிவில் திறந்த இணையம் பற்றிய கொள்கை எதுவும் இல்லை. ஒரு தனியுரிமைப் பிளக்-இன்னிலிருந்து இன்னொரு தனியுரிமைப் பிளக்-இன்னுக்குப் போனார்கள். யாரும் புதிதாக நிறுவ வேண்டாதது என்பதே அதன் தகுதி. ஃபிளாஷுக்கு மாறிய பிறகும் உயர்தரப் படம் வேண்டுமென்றால் நெக்ஸ்டெஃப் என்ற தனி மென்பொருளைக் கூடுதலாக நிறுவச் சொன்னார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. என்பிசியும் 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்ஸ் வரை சில்வர்லைட்டில் இருந்துவிட்டு, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு யூடியூபின் துணையோடு ஃபிளாஷுக்கு வந்தது. அந்த முறை 302 போட்டிகளும் நேரலை. கேபிள் சந்தா இருப்பதாக நிரூபித்தால்தான் பார்க்க முடியும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

பிளக்-இன்களை உண்மையில் தேவையற்றதாக்கியது எது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. அதைச் செய்துமுடித்தவர்களில் பிளக்-இன் முதலாளிகளே முன்வரிசையில் நிற்கிறார்கள்.

பழைய முறையில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் சர்வரிலிருந்து ஒரு தொடர் இணைப்பு ஓடும். ஃபிளாஷின் ஆர்டிஎம்பி நெறிமுறை அப்படிப்பட்டது. யார் எந்த நொடியில் இருக்கிறார் என்று சர்வர் நினைவில் வைத்துக்கொண்டு படத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். படம் உடனுக்குடன் போகும். ஆனால் ஆயிரம் பேருக்குப் போதுமான சர்வர் பத்தாயிரம் பேருக்குத் திணறும். அது பயன்படுத்திய 1935ஆம் எண் போர்ட்டை அலுவலகத் தீயரண்கள் பல மூடியே வைத்திருந்தன. யூட்டா மாநிலத்தின் மூவ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் வேறு வழியில் யோசித்தது. ஓடும் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்துக்கொள். அவற்றைச் சாதாரண இணையப் பக்கங்களைப் போலவே எச்டிடிபி வழியாகக் கொடு. எந்தத் துண்டு வேண்டும், எந்தத் தரத்தில் வேண்டும் என்பதைப் பார்வையாளரின் பக்கத்திலுள்ள பிளேயரே தன் இணைய வேகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளும். துண்டு என்பது ஒரு சாதாரணக் கோப்பு என்பதால் அகமாய் போன்ற விநியோக நிறுவனங்கள் ஊருக்கு ஊர் வைத்திருக்கும் சேமிப்புச் சர்வர்களே அதைப் பிரதியெடுத்துக் கொடுத்துவிடும். லட்சம் பேர் கேட்டாலும் மூல சர்வருக்குக் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

மூவ் இதைத் தன் சொந்தப் பிளக்-இன் வழியே விற்றது. விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னின் இணைய நேரலை அதைப் பயன்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபரில் இதே கருத்தை ஸ்மூத் ஸ்ட்ரீமிங் என்ற பெயரில் அறிவித்து, இரண்டு நொடித் துண்டுகளாகச் சில்வர்லைட்டுக்குள் கொண்டுவந்தது. ஆப்பிள் 2009இல் எச்எல்எஸ் என்று தன் வடிவத்தை ஐபோனுக்குக் கொடுத்தது. அடோபியும் 2010இல் இதே வழிக்கு வந்தது. நால்வரும் தத்தம் வடிவமே நிலைக்கும் என்று நம்பினார்கள். ஆனால் படம் சாதாரணக் கோப்புகளாக மாறிய அந்தக் கணத்திலேயே பிளக்-இன்னின் பாதி வேலை போய்விட்டது. கோப்பை வாங்குவதற்கு உலாவியே போதும். வாங்கிய துண்டுகளை ஒட்டிக் காட்ட உலாவியில் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். எம்எஸ்இ என்ற பெயரில் அந்த இடம் பின்னர் உருவானது. 2012இல் எம்பெக்-டேஷ் என்ற பன்னாட்டுத் தரநிலை வந்தபோது, அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்ஸையே பெல்ஜியத்தின் விஆர்டி ஒளிபரப்பு நிறுவனம் அதில் சோதித்துப் பார்த்தது. புதிய முறையைச் சோதிக்க மறுபடியும் விளையாட்டுதான்.

மறுபாதி வேலையை முடித்தது தொலைபேசி. 2009 ஜூனில் எம்எல்பி தன் ஐபோன் செயலியில் நேரலை ஆட்டங்களைக் காட்டத் தொடங்கியது. அந்தக் கருவியில் பிளக்-இன்னுக்கு இடமே இல்லை. பயனர் விரும்பினாலும் நிறுவ முடியாது. ஜாப்ஸ் ஃபிளாஷைப் பற்றித் தன் பகிரங்கக் கடிதத்தை எழுதியது 2010 ஏப்ரலில். அதற்குப் பத்து மாதம் முன்பே பேஸ்பால் ஃபிளாஷ் இல்லாத கருவிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால்தான் அந்தக் கடிதத்தைக் கொலையாக எண்ண எனக்குத் தயக்கம்; அதைக் காட்டிலும் இறப்புச் சான்றிதழ் என்ற பெயர் பொருந்தும். அதே 2010 மார்ச்சில் யூடியூப் ஐபிஎல் ஆட்டங்களை நேரலையாகக் காட்டியபோது சென்னையிலும் மதுரையிலும் கணினியில் பார்த்தவர்களுக்கு ஃபிளாஷ் தேவைப்பட்டது. இந்தியாவில் நேரலை கிரிக்கெட் வெகுமக்களிடம் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு, கைபேசிச் செயலிகள் வழியே. ஹாட்ஸ்டார் 2015இல் வந்தது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடியபோது அதில் ஒரே நேரத்தில் 2.5 கோடிக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பிளக்-இன் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2010 அக்டோபரில் மைக்ரோசாஃப்டே சில்வர்லைட் பற்றிய தன் உத்தி மாறிவிட்டதாக ஒப்புக்கொண்டது. 2011 நவம்பரில் அடோபி கைபேசி ஃபிளாஷை நிறுத்தியது. 2015இல் கூகுள் தன் குரோம் உலாவியில் என்பிஏபிஐ வாசலை மூடியது. அதே ஆண்டு வந்த எட்ஜ் உலாவியில் சில்வர்லைட்டுக்கு இடம் தரப்படவில்லை. ஃபிளாஷின் பாதுகாப்பு ஓட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தபடி இருந்ததால் யாரும் அதற்காக வாதாடவும் இல்லை. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31 அன்றும் சில்வர்லைட் 2021 அக்டோபரிலும் முடிவுக்கு வந்தன.

இந்த இடத்தில் வழக்கமாகக் கதை முடிந்துவிடும். ஆனால் பிளக்-இன் செய்துவந்த மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது. படத்தைக் கொண்டுவருவது, காட்டுவது ஆகியவற்றோடு, யார் பார்க்கலாம், எதில் பார்க்கலாம், பதிவு செய்யலாமா என்று காவல் காப்பதும் அதன் வேலை. உரிமைக்குப் பெருந்தொகை கொடுத்த ஒளிபரப்பாளருக்கு இந்தக் காவல்தான் முதலில் வேண்டும். காவல்காரர் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைப் பேஸ்பால் ரசிகர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். காசு கொடுத்துக் கணினியில் இறக்கி வைத்திருந்த பழைய ஆட்டங்கள், எம்எல்பி தன் உரிமச் சரிபார்ப்பு முறையை மாற்றியதால் திறக்க மறுத்தன என்பது 2007இல் பெரும் புகாரானது. கோப்பு அவர்களிடம்தான் இருந்தது. அதைத் திறக்கும் அனுமதி தொலைவில் ஒரு சர்வரில் இருந்தது.

பிளக்-இன்கள் வெளியேறத் தொடங்கியதும் காவலை உலாவியிலேயே கட்டித்தரும்படி காணொளி நிறுவனங்கள் கேட்டன. இஎம்இ என்ற இடைமுகம் அப்படிப் பிறந்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட், நெட்ஃபிளிக்ஸ் மூன்றும் அதன் முன்வரைவுக்குப் பின்னால் இருந்தன. இடைமுகம் திறந்த தரநிலை. அது அழைக்கும் பூட்டுப் பெட்டியோ மூடிய மென்பொருள். குரோமில் கூகுளின் வைட்வைன், ஆப்பிள் சாதனங்களில் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டிடம் பிளேரெடி. பிளேரெடி சில்வர்லைட்டுக்குள் இருந்த அதே பூட்டின் குடும்பம். திறந்த மென்பொருளுக்குப் பெயர்போன மோசில்லா, மனமில்லாமல்தான் ஏற்கிறோம் என்று 2014 மே மாதம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மறு ஆண்டு ஃபயர்ஃபாக்ஸில் முதல் பூட்டுப் பெட்டியை வைத்தது. அதைச் செய்துகொடுத்தது அடோபி. முன்வாசலில் அனுப்பப்பட்டவர் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தார்.

இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் இது பெரும் பிளவை உண்டாக்கியது. பூட்டின் ஓட்டைகளை ஆராய்ந்து சொல்லும் பாதுகாப்பு ஆய்வாளர்கள்மேல் வழக்குப் போடமாட்டோம் என்று உறுப்பு நிறுவனங்கள் உறுதிதர வேண்டும் என மின்னணு உரிமை அமைப்பான இஎஃப்எஃப் கேட்டது. அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2017 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 58.4 விழுக்காட்டினர் ஆதரவாகவும் 30.8 விழுக்காட்டினர் எதிராகவும் வாக்களிக்க, இஎம்இ தரநிலையாக அறிவிக்கப்பட்டது. அதே நாளில் இஎஃப்எஃப் டபிள்யூ3சியிலிருந்து விலகியது. ஒருமித்த கருத்தை நாடும் அமைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்கிய எதிர்ப்போடு ஒன்று நிறைவேறியது சாதாரணம் அல்ல.

பயனருக்கு இது நன்மையா? பெரும்பாலும் ஆம் என்றே சொல்வேன். கணினி முழுவதையும் தொடக்கூடிய அதிகாரத்தோடு ஓடிய பிளக்-இன்னைவிட, உலாவி தன் வேலிக்குள் அடக்கிவைத்த சிறு பெட்டி எவ்வளவோ மேல். ஆனால் பிளக்-இன் காலத்தில் பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது. எதையோ நிறுவச் சொல்கிறார்கள் என்ற எரிச்சலாவது இருந்தது, மறுக்கவும் முடிந்தது. இப்போது உலாவியோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் கணினியின் வன்பொருளில் போதிய பாதுகாப்பு இல்லையென்று அது கருதினால் படத்தின் தரம் சொல்லாமல் குறைந்துவிடும். புதிதாக ஓர் உலாவியை எழுத நினைப்பவர் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் போன்றவர்களில் ஒருவரிடம் உரிமம் கேட்டு நிற்க வேண்டும். மூன்லைட் நின்றுபோன அதே வாசல்தான் இதுவும்.

பார்வையாளர் இழந்ததும் ஒன்று உண்டு. ஆர்டிஎம்பி சில நொடித் தாமதத்தில் படத்தைக் கொடுத்தது. ஆப்பிள் தொடக்கத்தில் பரிந்துரைத்த துண்டின் நீளம் 10 நொடி. பிளேயர் மூன்று துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும் என்பதால், நேரலை என்று பெயரிட்ட படம் அரை நிமிடம் பின்தங்கியது. பக்கத்து வீட்டு டிவியில் சிக்ஸர் கத்தல் கேட்ட பிறகும் நம் திரையில் பந்துவீச்சாளர் ஓடிவந்துகொண்டிருப்பது இதனால்தான். லட்சக்கணக்கானோருக்கு மலிவாகக் கொடுக்கும் வசதிக்கு விலையாகக் கொடுத்தது அந்த அரை நிமிடம். தாமதத்தைக் குறைக்கும் எச்எல்எஸ் வடிவத்தை ஆப்பிள் 2019இல்தான் அறிவித்தது.

பேஸ்பாலில் பூட்டின் முதன்மைப் பயன் திருட்டைத் தடுப்பதைவிட ஊர்த்தடையை அமல்படுத்துவதாகவே இருந்திருக்கிறது. ஓர் அணியின் வட்டாரத்தில் வசித்தவர் அந்த அணியின் ஆட்டத்தை எம்எல்பியின் இணையச் சந்தா சேவையான எம்எல்பி.டிவியில் பார்க்க முடியாதிருந்தது. அந்த வட்டார உரிமை உள்ளூர்க் கேபிள் சேனலுக்கு விற்கப்பட்டிருந்தது. ஐயோவா மாநிலத்தில் ஒரு பேஸ்பால் அணிகூட இல்லை. ஆனால் சுற்றியுள்ள ஆறு அணிகள் அதைத் தம் வட்டாரமாகக் கணக்கிட்டதால் அந்த ஆறு அணிகளின் ஆட்டங்களும் அங்குள்ள சந்தாதாரருக்கு மறைக்கப்பட்டன. விண்டோஸ் மீடியா, சில்வர்லைட், ஃபிளாஷ், கடைசியில் பிளக்-இன் வேண்டாத எச்டிஎம்எல்5 என்று பிளேயர் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் இந்தத் தடை பத்திரமாக அடுத்த வீட்டுக்குக் குடிபோனது. தடை முதன்முதலில் பெரிதாக விரிசல் கண்டது 2023இல். பல அணிகளின் வட்டார உரிமையை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் அந்த ஆண்டு மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. சான் டியகோ பாட்ரெஸ் அணிக்குத் தர வேண்டிய தவணையை அது கட்டாததால், மே 31 முதல் அந்த அணியின் ஒளிபரப்பை எம்எல்பியே ஏற்று, உள்ளூர் ரசிகர்களுக்கு மாதம் 19.99 டாலருக்குத் தடையில்லாமல் விற்கத் தொடங்கியது. அதற்காக உலாவியில் ஒரு வரிகூட மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை.